ராஜாத்தி வம்சமும் ஜூலி வம்சமும்

காலையில் தேவசகாயம் பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோது ஆறு குட்டிகளின் கழுத்திலும் நூல் இல்லை.

முதல்நாள் மாலை வரை இருந்தது. மூன்று குட்டிகளுக்குச் சிவப்பு, மூன்று குட்டிகளுக்கு நீலம். அவர் கையாலேயே கட்டியது. இப்போது நடுவில் தடுத்திருந்த பலகை சாய்ந்து கிடந்தது. ஆறு குட்டிகளும் ஒரே கோணியின் மேல், ஒன்றின் தலை இன்னொன்றின் வயிற்றில் புதைந்திருக்க, மடிப்பு மடிப்பான மூஞ்சியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. ஆறும் வெள்ளை. ஆறுக்கும் இடது கண்ணைச் சுற்றிச் செம்பட்டைத் திட்டு.

"ஜெசி, யாரு நூல கயட்டுனது?"

ஜெசிந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பி, புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் கயட்டல. ராத்திரி பூரா ரெண்டு தாயும் நக்கிக்கினே இருந்துச்சுங்க. முழுங்கியிருக்கும்."

"எது எந்த நூல முழுங்குச்சு?"

"அத தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

தேவசகாயம் கோணிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்பாக்கம் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். இரண்டு தொட்டிகளின் மட்டமும் ஏறாமல் இறங்காமல் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதிலேயே ஒரு கனவுக் குணம் வந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றதும் அந்தக் கனவு நாய் வளர்ப்புப் பக்கம் திரும்பியது.

அச்சரப்பாக்கம் உலகநாதனிடம் இரண்டு புல்டாக் பெண் குட்டிகளை வாங்கினார். ஒன்று ராஜாத்தி. அகல வம்சம். மார்பு பெட்டி மாதிரி இருக்கும், மூக்கு உள்ளே போயிருக்கும், வெயில் பட்டால் மூச்சு முட்டிவிடும், குளிர்ச்சியான இடத்தில் படுக்கப்போட்டே வளர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார் உலகநாதன். இன்னொன்று ஜூலி. உயர வம்சம். கால் நீளும், ஓட ஓடத்தான் உடம்பு சேரும். இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ்.

பருவம் வந்ததும் இரண்டையும் உலகநாதனின் ஒரே ஆண் நாயிடம் கூட்டிப்போனார். "ரெண்டுத்துக்கும் ஒண்ணேவா?" என்று கேட்டதற்கு, "இவன் ரத்தம் பேலன்ஸ் பண்ற ரத்தம் சார். தாய் எந்த வம்சமோ அதுதான் வெளிய வரும்" என்றார் உலகநாதன்.

தேவசகாயத்தின் கனவு இதுதான்: இரண்டு வம்சத்தையும் இரண்டு தலைமுறை கலக்காமல் வளர்த்து, மூன்றாவது தலைமுறையில் சேர்க்க வேண்டும். ராஜாத்தியின் மார்பும் ஜூலியின் காலும் கொண்ட, சத்தமில்லாமல் மூச்சு விடுகிற ஒரு புல்டாக் பிறக்கும். அந்த நாய் எப்படி நடக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. பகலில் பாதி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இப்போதைய கவலை அதுவல்ல. மாமல்லபுரத்தில் அலையில் பலகை ஓட்டக் கற்றுத்தரும் ஜெபசிங், தன்னோடு கடற்கரையில் ஓடுவதற்கு ஒரு குட்டி கேட்டிருந்தான். மதுராந்தகத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை லோகநாயகி, முழங்கால் வலிக்குத் தோதாக ஒரே இடத்தில் கிடக்கும் குட்டி கேட்டிருந்தார். மாற்றிக் கொடுத்துவிட்டால்? ராஜாத்தி வம்சம் மணலில் ஓடினால் பத்தாவது நிமிடம் சுருண்டு விழும்.

"உயிர் சமாச்சாரம் ஜெசி" என்றார்.

"எங்க ஆஸ்பத்திரில கொயந்த மாறிச்சுன்னா தாய விட்டுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. முதலில் ராஜாத்தியை மட்டும் உள்ளே விட்டார். ராஜாத்தி பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது. ஆறும் ஓடிப்போய்ப் பால் குடித்தன. அதை வெளியே இழுத்துவிட்டு ஜூலியை விட்டார். அதனிடமும் ஆறும் குடித்தன. ஜூலியை வெளியே கூப்பிட்டால் வர மறுத்தது. பிரிய மனமில்லாத ராஜாத்தி வாசலில் நின்று ஊளையிட்டது. கடைசியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து படுத்துக்கொண்டன. பலகையைத் திரும்ப நிறுத்த வழியே இல்லாமல் போயிற்று.

மறுநாள் மீன் கடையில் தராசு வாங்கி வந்தார். கனமானதெல்லாம் ராஜாத்தி வம்சம். எடை போட்டு, மூன்றின் வயிற்றில் நீல மார்க்கரால் 'ரா' என்றும் மூன்றில் 'ஜூ' என்றும் எழுதினார். சாயந்திரம் திரும்ப எடை போட்டால் 'ஜூ'க்கள் கனத்திருந்தன. பால் குடித்துவிட்டு வந்தவை. அடித்துத் திருத்தி எழுதினார். இரவு திரும்ப மாறியது. ஒவ்வொரு குட்டியின் வயிறும் ஏழாம் வகுப்பு ரஃப் நோட்டு மாதிரி ஆகிவிட்டது.

விடிந்ததும் ரூத் அலறியடித்துக்கொண்டு வந்தாள். மகள் ரூத் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்ப்பவள். காலை பத்து மணிவரை பாதி தூக்கத்தில்தான் நடமாடுவாள்.

"அப்பா, ஜூலி நாக்கு நீலமா கீது. ராஜாத்திக்கும் அப்படித்தான் கீது."

ஜெசிந்தா வந்து பார்த்தாள். நாக்கு நீலமானால் மூச்சு போகிறது என்று அர்த்தம், அவள் படித்த படிப்பு அது. ஆட்டோவில் இரண்டு தாய், ஒரு கூடையில் ஆறு குட்டி, மூன்று மனிதர்கள். செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் ஜெசிந்தா ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள். தேவசகாயம் இரண்டு நாய்களுக்கும் மாறி மாறி விசிறினார்.

கால்நடை டாக்டர் சஹானா பஞ்சை நனைத்து ஜூலியின் நாக்கைத் துடைத்தாள். பஞ்சு நீலமாயிற்று. நாக்கு சிவப்பாயிற்று.

"மார்க்கர் இங்க் சார்" என்றாள்.

ஜெசிந்தா கணவனைப் பார்த்த பார்வையில் ஆட்டோக்காரர்கூட வெளியே போய் நின்றுகொண்டார்.

"வந்தது வந்துட்டோம்" என்று தேவசகாயம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதுல எது எந்த வம்சம்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

சஹானா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். காது, பல், வால்.

"எனக்கு ஆறும் நாய்க்குட்டியாத்தான் தெரியுது சார்."

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜெசிந்தா சொன்னாள்:

"எங்க தாத்தாவ வம்சம் கேட்டுத்தான் கெணத்தாண்ட தள்ளி நிக்க வெச்சானுங்க. நீங்க நாய்க்குக் கேட்டுகினு கீறீங்க."

"அது வேற, இது வேற ஜெசி."

"இன்னா வேற?"

மடியில் கிடந்த குட்டி கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து அவரும் விட்டார்.

அன்று மாலை உலகநாதனுக்குப் போன் போட்டார். அவர் ஆந்திராவில் இருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "வம்சத்தக் கண்ணால தேடக்கூடாது சார். நீங்களா உணரணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அது தேவசகாயத்துக்குப் பிடித்துப் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் ஆறு குட்டிகளையும் கூடையில் வைத்துப் புதுப்பட்டினம் கடற்கரைக்குப் போனார். கரையோரத்துச் சின்ன அலை தவிர, கடல் பால் ஏடு மாதிரி அசையாமல் கிடந்தது. சூரியன் இன்னும் முழுக்க வரவில்லை. குட்டிகளை ஈர மணலில் வரிசையாக இறக்கிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். ஜூலி வம்சம் அலையைப் பார்த்து ஓடும், ராஜாத்தி வம்சம் படுக்கும். உணர்ந்துவிடலாம்.

ஆறும் அலையைப் பார்த்து ஓடின. நுரை காலில் பட்டதும் ஆறும் திரும்பி ஓடிவந்தன. அவர் வேட்டியின் மேல் ஏறி ஆறும் தூங்கிப்போயின. எழுந்தால் குட்டிகள் விழித்துவிடும் என்று அவரும் மெல்லச் சாய்ந்தார். மணல் குளிர்ச்சியாக இருந்தது.

கடலுக்குள்ளிருந்து அந்த நாய் வந்தது. அவர் இத்தனை காலம் எதிர்பார்த்த நாய். அகன்ற மார்பில் தண்ணீர் வழிய, நீண்ட கால்களை அவசரமில்லாமல் எடுத்து வைத்து வந்தது. மூச்சு விடும் சத்தமே இல்லை. பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்தது. "நீ எந்த வம்சம்?" என்று கேட்டார். அது சொல்வதற்காக வாயைத் திறந்தது.

"அப்பா, அஞ்சுதான் கீது" என்றது.

கண்ணைத் திறந்தார். ரூத் நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. கூடையில் ஐந்து குட்டிகள்.

அடுத்த அரை மணி நேரம் அப்பாவும் மகளும் கடற்கரையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். கடைசியில் படகு நிழலில் வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் கை காட்டினார். வலைக்குவியலின் நடுவில் குட்டி மல்லாந்து கிடந்தது.

"தூங்கிக்கினு கீது. எயுந்தா நானே அனுப்புறேன், போங்க" என்றார் அவர்.

நான்கு குட்டிகள் ரூத்தின் ஆபீஸ் சிநேகிதிகள் வீட்டுக்கு என்று முடிவாயிற்று. அங்கெல்லாம் ஏசியும் உண்டு, பக்கத்தில் பூங்காவும் உண்டு. எந்த வம்சமானாலும் பிழைத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தபோது லோகநாயகியும் ஜெபசிங்கும் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடச் சொல்லி ஜெசிந்தா வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தேவசகாயமும் சரியென்றுதான் வந்தார்.

இரண்டு குட்டிகளையும் கூடத்தில் விட்டார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

அப்போது ஒரு குட்டி தள்ளாடிப் போய் லோகநாயகியின் பாதத்தின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இன்னொன்று ஜெபசிங்கின் அரைக்கால் சட்டைக் கயிற்றைக் கவ்வி இழுத்தது. தேவசகாயத்தின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. உணர்வது என்றால் இதுதான்.

ஜெசிந்தா கதவருகில் நின்று "சொல்லுங்க" என்றாள்.

"பேரு இன்னா வெக்கப் போறீங்க டீச்சர்?" என்றார் தேவசகாயம்.

குட்டிகளைக் கொடுக்கும்போது நெடுநேரம் புத்தி சொன்னார். "டீச்சர், இத வெயில்ல காட்டாதீங்க. ஃபேனுக்குக் கீயவே படுக்கட்டும். ஓடச் சொல்லி விரட்டாதீங்க. ஜெபசிங்கு, இத கட்டிப் போடாத. தெனம் ஓடணும். ஆனா மொத மாசம் கொஞ்சம் பாத்து. மூச்சு வாங்குதான்னு பாரு. வாங்குனா நிறுத்திடு. எனக்குப் போன் பண்ணு."

"ஓடுறதுதானே அங்கிள் இதோட வம்சம்?"

"ஆமா ஆமா. இருந்தாலும்."

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. தினமும் இரண்டு பேருக்கும் போன் செய்து மூச்சு எப்படி என்று விசாரித்தார். லோகநாயகி தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பரவாயில்ல சார், மாடி ஏறினா மட்டும் கொஞ்சம் வாங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் காலம் வந்ததும் தேவசகாயத்தால் பொறுக்க முடியவில்லை. பையில் ஐஸ்கட்டிப் பொட்டலத்தோடு தினமும் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று நாய் ஓடுவதைப் பார்த்தார். மூன்றாவது நாள் நாய் திடீரென்று மணலில் மல்லாந்து விழுந்தது. தேவசகாயம் ஓடிப்போய் அதன் நெஞ்சில் ஐஸ்கட்டிகளைக் கொட்டிவிட்டார். முதுகு அரித்ததற்காக மணலில் புரண்ட நாய் துள்ளி எழுந்து கடலுக்குள் ஓடியது.

"அங்கிள், நீங்க எப்ப வந்தீங்க?" என்றான் பலகையோடு நின்ற ஜெபசிங்.

அன்றைக்கு அந்த நாய் அலையைத் தாண்டி நீந்தியதைப் பார்த்தபிறகுதான் அவர் வீட்டுக்கு வந்து முழு இரவு தூங்கினார்.

ஒரு வருடம் போயிற்று. பொங்கல் கழிந்த ஞாயிறு, இரண்டு பேரையும் நாய்களோடு சாப்பிட வரச் சொன்னார். லோகநாயகியின் நாய் ஆட்டோவிலிருந்து இறக்கிவிடப்பட்டது. பெட்டி மாதிரி மார்பு. நாலு அடி நடந்து, மூச்சிரைத்து, ராஜாத்தியின் பக்கத்தில் போய்ப் பொத்தென்று படுத்தது. ஜெபசிங்கின் நாய் நீண்ட கால்களால் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தது. நேரே ஜூலியிடம் போய் வாலை ஆட்டியது.

தேவசகாயத்துக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா ஜெசி. ஒண்ணுகூடத் தப்பல."

ஜெசிந்தா இரண்டு நாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல்முறையாக அவளும் "சரிதான்" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் நூல் காணாமல் போன கதை முழுவதையும் விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டார். லோகநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெபசிங் தன் நாயை மரியாதையோடு பார்த்தான்.

சாப்பாட்டு நேரத்துக்கு உலகநாதனின் மனைவி செங்கம்மாள் வந்து சேர்ந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவள். இதற்கு முன் அவள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஜெசிந்தா அவளையும் உட்கார வைத்து இலை போட்டாள். தேவசகாயம் அவளுக்காகக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நூல், தராசு, மார்க்கர், கடற்கரை, பாதத்தின் மேல் வைத்த தாடை.

"ரத்தம் பொய் சொல்லாதும்மா. ஒரே எடத்துல கெடந்து, ஒரே பால குடிச்சுதுங்க. ஆனாலும் பாரு, அது அது அதோட வம்சத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு."

செங்கம்மாள் சாப்பிட்டுக்கொண்டே ராஜாத்தியைப் பார்த்தாள். ஜூலியைப் பார்த்தாள். கூப்பிடாமலே இரண்டும் எழுந்து வந்து அவள் முழங்காலை முகர்ந்தன. இடது கையால் இரண்டின் தலையையும் தடவிக்கொடுத்தாள்.

"அதான் எனக்குப் புரியல அண்ணாத்த, இதுங்க ரெண்டும் ஒரே ஈத்துல பொறந்த அக்கா தங்கச்சிங்களாச்சே, இதுல ஏது ரெண்டு வம்சம்?"