தீயில்லாமல் அவியும் முட்டை

முட்டையின் வெண்கரு வெளுக்க மறுத்தது.

தயாபரன் ஒரு முழுத் தேசிக்காயின் புளிச்சாற்றை அதில் பிழிந்தாயிற்று. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மெல்லிய கலங்கல், அவ்வளவுதான். வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் கீழ்மாடியில் அவர் நடத்தும் உயிரியல் ரியூசனில் எஞ்சியிருந்தவர்கள் அறுவர். மேல்மாடியில் அதே பாடம் கற்பிக்கும் சுபோதினியின் வகுப்பிலோ படிக்கட்டுவரை செருப்புகள். இந்த அறுவரும் போய்விட்டால் கதவைப் பூட்டவேண்டியதுதான்.

"அவிஞ்சிட்டுதோ சேர்?" என்றாள் றஷ்மி.

"பொறும் பிள்ளை!" என்றவர் குரலை உயர்த்தினார். "புரதம் என்பது மடித்து வைத்த சேலை! அமிலம் அந்த மடிப்பைக் குலைக்கும்! குலைந்த புரதம் தன் தொழிலையே மறக்கும்!"

மேலே கைதட்டல் அதிர்ந்தது.

தயாபரன் கூரையை முறைத்தார். "இண்டைக்கு அவ என்ன படிப்பிக்கிறா?"

"அவவும் புரதம்தானாம் சேர்," என்றான் அனுஜன்.

பிறர் பெறும் கைதட்டலைத் தன் கன்னத்தில் விழும் அறையாக எண்ணுபவன் எதற்கும் துணிவான். தயாபரன் வினாகிரிப் போத்தலைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்தார். நெடி தாங்காமல் நால்வர் இருமியபடி வெளியேறினர். காலடிகள் மேல்மாடிக்கு ஏறின.

"ஓடுங்கோ! வெப்பம் தாக்கினால் உயிர்க்கலம் ஓடுவதில்லை! அதன் பரம்பரையலகுகள் விழித்தெழும்! காவல் புரதங்களைப் படைக்கும்! மடிப்புக் குலைந்தவற்றை அவை தாங்கி நிமிர்த்தும்!"

இம்முறை மேலே விசிலும் பறந்தது.

"சேர், முகம் சிவந்திட்டுது. உங்கட காவல் புரதம் லீவு போல," என்றான் அனுஜன்.

"வாயை மூடும்! சூட்டில அவியாத முட்டை இருக்கோ பாப்பம்!" கிண்ணத்திலிருந்ததை, மூலையில் தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த மின்சாரக் கேத்தலுக்குள் அப்படியே ஊற்றினார்.

"ஐயோ சேர், பொங்கும்!"

பொங்கியது. நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வயரில் வழிந்தது. 'டப்' என்றொரு சத்தம். கட்டடம் முழுவதும் மின்சாரம் போயிற்று. மேல்மாடி ஊமையானது.

தயாபரன் முகம் மலர்ந்தது. "என்ர முட்டை அவியாட்டிலும் பரவாயில்லை. அவவின்ர வகுப்பு நிண்டுதே!"

சுபோதினியின் உதவியாள் நிரோஷா மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள்.

"சேர், கரண்ட் போய், உங்கட குரல் மேல கேக்க ஜன்னலில நாங்கள் கட்டின மைக் நிண்டிட்டுது. மேல ஒருத்தருக்கும் நோட்ஸ் எடுக்க ஏலாமக் கிடக்கு. கரண்ட் வரும்வரை உங்களைக் கொஞ்சம் சத்தமாப் படிப்பிக்கட்டாம் எண்டு மிஸ் சொன்னவா."