சீட்ஸே மலையேற்றிய கார்

நான் அந்தக் காரில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரரான சீட்ஸே, மதிய ரொட்டியை மென்றுகொண்டே சொன்ன கதை இது. ரொட்டித் துணுக்குகளை உதறிவிட்டு மற்றதை அப்படியே தருகிறேன்.

நெதர்லாந்தில், எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் கரையோரத்தில் உயரமான இடம் என்றால், கடலைத் தடுக்கும் மண்கரைதான். அதன்மேல் ஆடு மேயும். அதன் அடிவாரத்தில் கார் ஓட்டக் கற்றவர் சீட்ஸே. அப்படிப்பட்டவர் ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக்கில் போய் இறங்கியதும் ஒரு சபதம் போட்டார். கல்யாண நாள் விருந்துக்கு மலைமேல் இருக்கும் உணவகத்துக்கு, வாடகைக் காரைத் தானே ஓட்டிப் போவது!

"கேபிள் கார் இருக்கே?" என்றாராம் மனைவி டினேகே.

"அது டூரிஸ்டுங்களுக்கு."

"அப்ப நாம யாராம்?"

"கார் வச்சிருக்கிறவங்க!"

கார் நின்றது ஓட்டலின் நிலத்தடி நிறுத்துமிடத்தில். வெளியே வர ஒரு சரிவு. சீட்ஸே கிளட்சை விட்டார். கார் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனிலேயே சாபம் கொடுத்தார்.

"ஹேண்ட் பிரேக்கைப் போடு!" என்றார் டினேகே.

"எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சா ஏன் வைப்பர் ஆடுது?"

எப்படியோ வெளியே வந்தார்கள். டினேகேவின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்ஸே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

"நீ ரோட்டைப் பாரு. வழியை நான் சொல்றேன்" என்று போனைக் கையில் எடுத்தார் டினேகே.

இடது பக்கம். வலது பக்கம். ஆற்றுப் பாலம். மறுபடி வலது. ஒரு பேக்கரி. டிராம் ஒன்று மணியடித்து மிரட்டியது. இடது, இடது. ஆற்றுப் பாலம்.

"இது அதே பாலம்தானே?"

"அது வேற பாலம்."

"பேக்கரி?"

"அதோட கிளை."

"வாசல்ல அதே நாய் உக்காந்திருக்கு, டினேகே!"

"இந்த ஊர்ல எல்லாரும் இப்படி நாய்தான் வளக்கிறாங்க."

சீட்ஸேவுக்குத் தலை சுற்றியது. "மலை எங்க? இப்பத்தானே முன்னாடி இருந்துச்சு?"

"இப்ப பின்னாடி இருக்கு."

"மலை எப்படி நகரும்?"

"நாமதான் வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறிட்டிருக்கோம்."

"ஏறுறோமா? தட்டையா இருக்கே!"

"நீ அவ்வளவு நல்லா ஓட்டுற."

சீட்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெருமை அடுத்த பேக்கரி வரை தாங்கியது. இந்தத் தடவை நாய் அவர்களைப் பார்த்து வாலாட்டியது.

சீட்ஸே காரை ஓரமாக நிறுத்தினார். "இந்த ஊர்ல ரோடு போட்டவனுக்கு மூளை குழம்பியிருக்கு. காரைத் திருப்பிக் கொடுத்துடலாம். கேபிள் கார்லயே போவோம்."

"அடடா! உன்னோட கார்ல போகணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்!"

"கோவிச்சுக்காதே, டினேகே. எனக்காக இந்த ஒரு தடவை."

நிறையக் கெஞ்சிய பிறகே டினேகே சம்மதித்தாராம்.

"தப்பு என்மேல இல்ல" என்று சீட்ஸே ரொட்டி டப்பாவை மூடினார். "அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போய் ஓட்டிக் காட்டுறேன். டினேகேவே வழி சொல்றதா வாக்குக் கொடுத்திருக்கா."

கேட்டதை அப்படியே நம்ப மனம் வரவில்லை. சாயங்காலம் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அந்த ஓட்டலின் வாசலில் தொடங்கும் ரோடு, வழியில் எங்கும் இடதோ வலதோ திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல், மலைமேல் அந்த உணவகத்தின் வாசலில் போய் முடிகிறது.