பூதலூரில் கட்டின மேனேஜர்

துரைராசு சபதமே எடுத்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை மன்னார்குடிக்குப் போவதில்லை! அங்கே மாமனார் இராஜாங்கம் வரப்புத் தகராறைச் சொல்ல ஆரம்பித்தால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஒன்றையும் விடமாட்டார். தலையாட்டியே மாப்பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

பூதலூர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்குத் தப்பிக்க வழியா தெரியாது? 'மேனேஜர்' என்று குட்டி புரோகிராம் ஒன்று கட்டினான். லேப்டாப்பில் அந்தப் பேரைத் தட்டினால் அவன் போன் அடிக்கும். "துரைராசு, அவசரம்! லீவு கிடையாது!" என்று கத்தும். குரல் கொடுத்தது சிநேகிதன் அப்சர்.

அதை இன்ஸ்டால் பண்ணவில்லை. பண்ணினால் பெண்டாட்டி பிரகதீஸ்வரி கண்ணில் பட்டுவிடுமே! அதே லேப்டாப்பில்தான் அவள் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டியூஷன் எடுக்கிறாள். கட்டின ஃபோல்டரிலேயே கமுக்கமாக ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். என்ன சாமர்த்தியம்!

"பையெல்லாம் ரெடிங்க. கிளம்புவோமா?"

"இரு பிரகதி, ஒரு மெயில் பார்த்துடறேன்."

தட்டினான். போன் அடித்தது. அவள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"துரைராசு, ஆபீஸ்ல ஒரு வேலையும் இல்லை. மாமனாரைப் பார்த்துட்டு நிதானமா வாங்க!"

அப்சர் குரலேதான்!

"அடடே, தங்கமான மனுஷர்," என்றாள் பிரகதீஸ்வரி.

துரைராசுவுக்குத் தலை சுற்றியது. புரோகிராமைத் திறந்தான். சரியாகத்தான் இருந்தது. மறுபடி கட்டினான், தட்டினான். "நிதானமா வாங்க!" புரோகிராமிலிருந்து அப்சர் குரலையே பிடுங்கி எறிந்துவிட்டுத் தட்டினான். அப்பவும் "நிதானமா வாங்க!" பேயா, பிசாசா? பாவம், முழி பிதுங்கிவிட்டது.

"ஏங்க இப்படி வேர்க்குது?"

"ஒண்ணைக் கட்டினா இன்னொண்ணு ஓடுது பிரகதி!" உளறிவிட்டான்.

"வெறும் பேரைத் தட்டினா இன்ஸ்டால் பண்ணினதுதாங்க ஓடும். உங்களுது ஓடணும்னா ஃபோல்டரையும் சேர்த்துச் சொல்லணும். என் டியூஷன் பசங்களுக்கே தெரியும்."

"நான்தான் எதையும் இன்ஸ்டால் பண்ணலையே!"

"நான் பண்ணிட்டேன். அதே பேர்ல. அப்சர் அண்ணனோட பொண்டாட்டி நூர்ஜஹான் இருக்காளே, அவ எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டா. அவதான் தன் புருஷனை உட்கார வச்சுப் பேச வச்சா."

அந்த நேரம் பார்த்து மறுபடி போன். எடுத்தால் வேறு குரல். "துரைராசு, அவசரமா ஒரு வேலை..."

வந்ததே கோபம். "யாருடா நீ புது ஆளு? வேலையாவது வெங்காயமாவது! எனக்கு எதுவும் வேணாம், வைடா போனை!"

பிரகதீஸ்வரி போனை எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, இது என் வேலை இல்லைங்க. நிஜ மேனேஜரு!"

"நிஜமாவே அவசரமா? அப்ப நான் ஊருக்கு வர வேண்டாமே?"

"அதான் வேலையே வேணாம்னுட்டீங்களே. ஏறுங்க வண்டியில. நடவுக்கு ஆள் கிடைக்கலைன்னு அப்பா தவிச்சுட்டிருக்கார்."