லேபிள் மாறியிருக்கிறது, மச்சான்!

இயேசு மரி சூசை துணை

லிங்கராஜபுரம், பெங்களூர்
ஜனவரி 9, வெள்ளிக்கிழமை

மதிப்பும் பிரியமும் நிறைந்த மச்சான் சிரிலுக்கு, ஓஸ்வால்ட் அத்தான் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீயும் உன் வீட்டம்மாவும் உன் இடது முழங்காலும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. உன் அக்கா பவுலின் மிகவும் சுகமாக இருக்கிறாள், அதுதான் பிரச்சினை. இதை வாட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவாய், அதனால்தான் பேனா எடுத்தேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அடுத்த பஸ் பிடித்து வந்து, உன் அக்கா சொன்ன ஒரு வார்த்தையை அவளைத் திரும்பப் பெற வைக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு டெங்கு வந்தது உனக்குத் தெரியும். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கி, ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் தடவி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போய், அதற்குப் பிறகும் எழுந்து நடந்தவன் நான். உன் அக்கா அந்த நாட்களில் கொண்டுவந்த கஞ்சியில் ஒரு நாள்கூட உப்பு இருந்ததில்லை என்பதையும் நீ அறிவாய், ஏனென்றால் அதை நான் உன் மகள் கல்யாணத்தில் மைக்கிலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது என் மகள் நிக்கோல் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறாளே, அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், மனிதர்களின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்க்கிறார்கள். உடம்புக்கு முன்பு வந்த காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் செல்கள் சில உண்டாம். அவற்றை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றி, தூண்டிவிட்டால், அவை பெருகி அந்தக் காய்ச்சலுக்கான ஆன்டிபாடியைக் கக்குமாம். அதிலிருந்து நாளைக்கு மருந்து செய்யலாமாம். பெட்டியில் சூடு அரை டிகிரி கூடக் குறையக் கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு மாற்ற வேண்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் நிக்கோல் அங்கேதான் ஓடுகிறாள். எனக்கு இந்த வீட்டில் இரண்டாவது காபி கேட்டால் கிடைப்பதில்லை.

டெங்கு வந்த ஒருவர், வராத ஒருவர் என்று இரண்டு பேர் ரத்தம் வேண்டும் என்றாள். வந்தவன் நான் என்று முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்தேன். வராதவளாக உன் அக்காவைக் கூட்டிப்போனேன். படிவத்தை நானே நிரப்பினேன். அவளுக்கு எங்கே காய்ச்சல் வந்தது, கல் மாதிரி இருக்கிறாள். மருந்துக் கம்பெனி பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருஷம் லேபிள் சரிபார்த்தவன் என்பதால், குழாய்களில் லேபிளையும் நானேதான் ஒட்டினேன். அந்த நர்ஸ் ஏதோ முணுமுணுத்தாள், நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. என் செல்கள் கொஞ்சம் பெருகின, பிறகு படுத்துக்கொண்டன. ஆன்டிபாடி என்று சொல்ல ஒன்றுமில்லை. உன் அக்காவின் செல்கள் டெங்குக் கிருமியை அப்படியே பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடியைக் குடம் குடமாகக் கக்குகின்றன! "சிலரோட செல் லேப்ல ஒத்துழைக்காதுப்பா, அது உங்க தப்பில்ல" என்று நிக்கோல் சொன்னது எனக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை. அப்போதுதான் உன் அக்கா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அந்த வார்த்தையைச் சொன்னாள்: "படுத்தது அவரு, உழைச்சது நானு."

மச்சான், பதினோரு நாள் டெங்குவோடு கிடந்தவன் யார்? லேபிள் மாறியிருக்கிறது, வேறென்ன? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். அதன் தலைவர் சேஷகிரி நல்ல மனுஷர், "கூத்கொள்ளி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். நான் உட்காராமல், உங்கள் கூடத்தில் லேபிள் ஒழுங்கு சரியில்லை என்று எழுத்து மூலமாகவே கொடுத்தேன். அவர் குழாயை எடுத்துக் காட்டினார். லேபிளில் இருந்தது என் கையெழுத்து. "ஆனாலும் புகார் வந்துடுச்சு சார், இனி நான் சும்மா இருக்க முடியாது" என்று நிக்கோலின் வேலை முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே எங்கள் இருவருக்கும் புது ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை லேபிள் ஒட்டும்போது என்னை வெளியே உட்கார வைத்தார்கள்.

புது முடிவு இன்று சாயங்காலம் வரும். லேபிள் மாறியிருந்தால் என் மானம் திரும்பும், ஆனால் நிக்கோலின் ஆறு மாச வேலை குப்பைக்குப் போகும், பத்தொன்பதாம் தேதி பெரிய கூட்டத்தில் அவள் பேச வேண்டியதும் போகும். அவள் என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. "அப்பாகிட்ட சாவி எங்கன்னு கேளும்மா" என்கிறாள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பெற்ற மகள் தோற்க வேண்டும் என்று ஜெபிப்பதா, நான் தோற்க வேண்டும் என்று ஜெபிப்பதா என்று தெரியாமல் ஜெபமாலையைப் பாதியில் வைத்துவிட்டேன். நீ வந்து பேசினால்தான் உண்டு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர். உன் வீட்டம்மாவுக்கு வணக்கம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

மனம் நொந்த அத்தான்,
ஓஸ்வால்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நிக்கோல் வந்துவிட்டாள். லேபிள் மாறவில்லை. என்னுடையவை இந்த முறையும் படுத்துவிட்டன, உன் அக்காவுடையவை முன்னைவிட அதிகமாக உழைக்கின்றன. டெங்கு வராத உடம்பில் அந்த ஞாபகம் இருக்காதாம். "அம்மா, உனக்கு எப்போ காய்ச்சல் வந்துச்சு?" என்று நிக்கோல் கேட்டாள்.

"அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போதான். அஞ்சு நாள் இருந்துச்சு. வாயெல்லாம் கசப்பு, அது போகவே ரெண்டு வாரம் ஆச்சு, உப்பு எது புளி எதுன்னே தெரியல."

"ஏம்மா சொல்லல?"

"ரெண்டு பேரும் படுத்துட்டா கஞ்சி யாரு தூக்கிட்டுப் போறது?"

"அந்த ஃபாரத்திலயாவது சொல்லியிருக்கலாமே?"

"என்னை எங்கடி கேட்டாரு?"

மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. மைக்கில் சொன்னதையும் அடித்துவிட வழி இருந்தால் சொல். நிக்கோலின் வேலை பிழைத்தது, என்னோடும் பேசுகிறாள். ஆனால் டெங்கு வராத ஆள் இன்னும் தேவையாம், அதனால் நீ கட்டாயம் வா, படிவத்தை நீயே நிரப்பு.

சற்று முன் நானே அடுப்பில் நின்று உன் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பே இல்லீங்க. மைக் எங்க வெச்சிருக்கீங்க?"