அத்தானுக்கு மட்டும் தனிச் சூரியன்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய் என்ன பாடுபடுத்தும் என்று சமீபத்தில் தெரிந்துகொண்டதால், யாரும் சுகமில்லை என்றே எழுதுகிறேன். அக்கா மாவுக்கட்டைப் பிரித்து நடமாடுகிறாள் என்று கேட்டு மகிழ்ச்சி. போன் செய்தால் எப்போதும் அவளே எடுப்பதால், உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

என் மகள் வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் சொல்லலாம், பார்த்தீர்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பதிவு அலுவலகத்துக்கு நீங்கள் வரவே இல்லை. காலை நீட்டிப் படுத்திருந்த அக்கா உங்களை அனுப்பிவைத்தாள். நீங்கள் எங்கேயோ போய்விட்டு, மறுநாள் என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்து, "மச்சான், ஏதாவது ஒரு படத்துல என்னையும் நிக்க வச்சிடு, இல்லேன்னா உங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா" என்றீர்கள். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டேனா? பழைய விசேஷப் படம் ஒன்றிலிருந்து உங்களை வெட்டி எடுத்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதோடு விட்டேனா, வெயில் கூசிக் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு, அதே படத்தில் நின்ற என் கண்களையே வைத்துத் திறந்துவிட்டேன். மாமனார் வேறென்ன செய்வார்?

அந்தப் படத்தைத்தான் மகள் அவருடைய விசா விண்ணப்பத்தோடு வைத்துவிட்டாள். நிஜமான கணவன் மனைவிதான் என்று காட்டப் படம் கேட்கிறார்களே, இருப்பதிலேயே அழகான படம் அதுதான். விசா அலுவலகத்தில் இவளை உட்கார வைத்து, மாப்பிள்ளையை அவர் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிகாரி அம்மாள் உங்கள் மேல் விரலை வைத்து, "இவர் யாரு?" என்று கேட்டார். "என் மாமா" என்றாள் மகள். "இவரை நான் பார்த்ததே இல்லை" என்றார் அரிச்சந்திரனுக்கு அடுத்த வாரிசான மாப்பிள்ளை. அவ்வளவுதான், அந்த அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். "எல்லார் நிழலும் இடது பக்கம் விழுது, உங்க மாமாவுக்கு மட்டும் வலது பக்கம். அவருக்குன்னு தனியா ஒரு சூரியனா? மாப்பிள்ளை கண்ணும் உங்க அப்பா கண்ணும் ஒரே அச்சா இருக்கே, சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா? மாமாவை ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு மாப்பிள்ளையை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டு, கோப்பை மூடிவிட்டார்.

மகள் என்னோடு பேசுவதில்லை. இங்கே இவளுக்கு ராச்சாப்பாடு, அங்கே அவருக்குக் காலைக் காப்பி. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நேற்று இவள் தட்டைக் கழுவ எழுந்து போன பிறகும் அவர் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னஞ்சிறுசுகளைப் பிரித்து வைத்த பாவம் நம் இருவரையும்தான் சேரும்.

ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். "என்னைத்தான் ஒட்டினார்கள், மாப்பிள்ளையை ஒட்டவில்லை" என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுங்கள். கல்யாணத்துக்கே வராதவர் மாப்பிள்ளை வந்தார் என்று எப்படிச் சாட்சி சொல்வது என்று கேட்காதீர்கள். அதை யோசித்து யோசித்து எனக்கே தலை சுற்றுகிறது. அக்கா காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். உங்களுக்குத் துணிச்சல் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிழலைத் திருப்ப மறந்த மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். விசா கிடைத்துவிட்டது! வாக்குமூலம் வேண்டாம். அதிகாரி அம்மாள் உங்கள் வீட்டுக்கே போன் போட்டிருக்கிறார். அக்காதான் எடுத்தாளாம். "அவர் கல்யாணத்துக்குப் போகலைன்னு படத்தைப் பார்த்த அன்னைக்கே தெரியும்மா. அதுல போட்டிருக்காரே சட்டை, அதைக் கிழிச்சு அடுப்பு துடைச்சு வருஷக் கணக்காச்சு. ஆனா மாப்பிள்ளை நிஜம். கால் எப்படி இருக்குன்னு தினமும் போன்ல கேக்குற ஒரே ஆம்பிளை அவர்தான்" என்றாளாம். நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள் என்பதை உங்களிடமே கேட்டுக்கொள்கிறாளாம். இந்தக் கடிதத்தை மகளே உங்கள் ஆபீஸில் கொண்டுவந்து தருவாள். நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், முதலில் என் ஸ்டுடியோவுக்கு வாருங்கள். அன்றைக்கு எங்கே இருந்ததாகச் சொல்ல வேண்டுமோ, அங்கே நிறுத்தித் தருகிறேன். அக்கா இன்னும் கிழிக்காத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வரவும்.