நேற்று இல்லாத வீட்டிலிருந்து சம்பந்திக்கு

மணிக்கூண்டுக் காவலரும், காலத்தைக் கைக்குள் வைத்திருப்பவருமான என் அருமைச் சம்பந்தி அவர்களுக்கு மெத்தைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். இன்று காலை கடவுள் எங்களைப் படைத்தபோது நலமாகத்தான் படைத்தார். என் இடது முழங்காலை மட்டும் வலியோடேயே படைத்திருக்கிறார். அங்கு ஆற்றுத்துறையில் உங்கள் நலமும், நீங்கள் காவலிருந்து எதிர்பார்க்கும் உங்கள் கடவுளின் நலமும் அறிய ஆவல். அவருடைய படகு ஏதும் கண்ணில் பட்டதா?

கல்யாணப் பந்தி முடிவதற்குள் உங்கள் காவல் முறை வந்துவிட்டதென்று நீங்கள் கிளம்பிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு இங்கே நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் ‘நேற்று’, ‘முந்தாநாள்’ என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அவை வாயில் வரக்கூடாத சொற்கள். உங்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கடவுள் மன்னிக்கட்டும். மன்னித்தாலும் நாளைக்கு அவருக்கு அது நினைவிருக்கப் போவதில்லை.

நீங்கள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டீர்கள், என் மச்சான் பந்தியில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஆயிரத்து முன்னூற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை படகில் வந்துபோன உங்கள் கடவுள் மறுபடி வரும்போது உட்காருவதற்காக வைத்திருக்கும் நாற்காலி அது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? உங்கள் கடவுளைப் போலவே அவனுக்குத் தாடி வேறு. உங்கள் பெரியப்பா பார்த்துவிட்டு, “வந்துட்டாருடா! எலும்பைக் கடிச்சுக்கிட்டே வந்துட்டாரு!” என்று கத்தியபடி கீழே விழ, பெண்கள் அழ, உங்கள் பூசாரிமார் மூலையில் கூடி இனிமேல் ஆண்டை ஒன்றிலிருந்து எண்ணுவதா வேண்டாமா என்று சண்டை போட, என் மச்சான் நிதானமாக, “ஏங்க, குழம்பு வருமா?” என்று கேட்டான். அதோடு ஆண்டு பழையபடியே தொடரட்டும் என்று முடிவானது.

அது போகட்டும். மறுநாள் காலையில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு விடியலிலும் எங்கள் கடவுள் பெரிய மீனின் வாயைப் பிளந்து உலகத்தை வெளியே இழுத்துப் போடுகிறார். எல்லாம் புதிது. கடையில் பாதி தைத்த மெத்தை கிடந்தால், கடவுள் அதைப் பாதி தைத்தபடியே படைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மீதியைத் தைப்பேன். வீட்டில் எழுந்ததும் ஒருவரையொருவர் “நீங்க யாரு?” என்று கேட்டாக வேண்டும். “இன்னிக்கு வந்தவன். சேர்ந்து இருக்கலாமா?” என்று சொல்ல வேண்டும். “இருக்கலாம்” என்று பதில் வந்தால் அன்றைக்குக் கல்யாணம் உறுதி. சில காலைகளில் என் வீட்டுக்காரி அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் நான் பாதி மெத்தை தைத்துவிடலாம்.

என் மகளும் அப்படித்தான் எழுந்தாள், தலையை முடிந்தாள், பக்கத்தில் படுத்திருந்த உங்கள் மகனைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சிரித்திருக்கிறார். மறுபடியும் கேட்டிருக்கிறாள். “என்னம்மா விளையாட்டு இது? நேத்து ஊரைக் கூட்டி உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவன்!” என்றிருக்கிறார். மூன்றாம் முறை கேட்டபோது எழுந்து நின்று ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம் எல்லாம் ஒப்பித்துவிட்டு, “ஒரு தடவை சரின்னா சரிதான். அதையே தினமும் எதுக்குக் கேக்கணும்?” என்று கோபப்பட்டிருக்கிறார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறாள்.

“ஏம்மா, அவருக்குப் பழக்கமில்ல. கொஞ்சம் விட்டுக் கொடுக்கக் கூடாதா?” என்றேன். “அவர் என்னை ஒரு தடவை கேட்டுட்டாராம்பா. இனிமே கேக்கவே மாட்டாராம்” என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த மெத்தையிலேயே குப்புறப் படுத்து அழுதாள்.

சரி, மாப்பிள்ளையிடம் பேசுவோம் என்று உங்கள் மணிக்கூண்டில் மூச்சு வாங்க ஏறினேன். பையன் எண்ணெய்க் கிண்ணத்தோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. “மாமா, நேத்து அத்தனை பேர் முன்னாடி அவ ‘சரி’ன்னு சொன்னா. அந்த நிமிஷத்தை நான் சாகற வரைக்கும் வெச்சிருப்பேன். அவளுக்கு மட்டும் அது விடிஞ்சா காணாமப் போயிடுமா?” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியதால் எனக்கு வேகம் வந்து, சத்தமாகப் பேசியபடி ஒரு கம்பியைப் பிடித்துச் சாய்ந்தேன். அது முள்ளைத் திருப்பும் கம்பியாம். ஊருக்கே பகல் பன்னிரண்டு இரண்டு முறை வந்தது. உங்கள் ஆட்கள் மணி அடித்தால் சாப்பிட்டே தீருவார்கள் என்பதால் எல்லோரும் இரண்டு முறை சாப்பிட்டு, சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேற்றைய கணக்கை நேற்றோடு விட்டுவிடும்படி உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னால், “கடவுள் மீன் வாயைப் பிளந்தப்பவே இந்த மனுஷன் போற இடத்துல எதையாவது உடைச்சாரு” என்கிறாள் என் வீட்டுக்காரி. உங்கள் மதத்தில் செய்த தவறுக்கு வயதாகும், ஒரு நாள் பழசாகிப் போகும். எங்கள் மதத்தில் அது தினமும் புதிதாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே சம்பந்தி, தேதி, வருஷம் எல்லாம் மனிதனைப் பிடித்த நோய் என்பதை எடுத்துச் சொல்லி, தினமும் காலையில் அந்த ஒரு வரியைச் சொல்லும்படி உங்கள் மகனுக்கு உத்தரவு போடுங்கள். நாள் எண்ணுகிறவன் எப்படிப் பெண்ணோடு வாழ்வான்? நாங்கள் எண்ணியதே இல்லை, எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தால் அவருக்கும். உங்கள் கடவுள் சீக்கிரம் வந்து சேர எங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்,

இன்றைக்கு வந்த,
மெத்தைக்காரன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து கதவைத் திறந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். மகள் வந்து, “நீங்க யாரு?” என்றாள். அவர், “நேத்து வரைக்கும் தெரியும்னு நெனச்சேன். இன்னிக்கு நீ சொன்னாத்தான் தெரியும். இருக்கலாமா?” என்றார். “இருக்கலாம்” என்றவள், பெட்டியை அவர் கையில் கொடுத்து, “இந்த ‘இருக்கலாம்’ ஒண்ணுன்னு எண்ணிக்குங்க. நாளைக்கு ரெண்டு. விடாம எண்ணணும், எனக்கும் தெரியணும்” என்று சொல்லிவிட்டுக் கூடவே போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி என் பக்கம் திரும்பி, “ஏங்க, நமக்கு எத்தனை ஆச்சு?” என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். எங்கள் கல்யாணத்தன்று பழைய ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது, சம்பந்தி. அது எந்த ஆண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். சரியாக நினைவில்லை என்றால் ஒன்றிரண்டு கூட்டியே சொல்லுங்கள். குறைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.