ஏர்போர்ட்டும் அரிவாள் நுனியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திர அறைச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் என் உத்தியோகம். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தீவிரவாதி யாரும் காலெடுத்து வைக்காததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். இதை அவரே சொன்னார். தினமும் சொன்னார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஏர்போர்ட்டு.

சென்னை விமான நிலையத்தில் பதினோரு வருஷம் செக்யூரிட்டியில் இருந்தவர் என்று சொல்லிக்கொள்வார். பயணிகள் பெல்ட்டையும் செல்போனையும் கழற்றிப் போடுவார்களாமே ஒரு ட்ரேயில், அது காலியானதும் அடுக்கி மறுபடி வரிசையின் முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை என்பது பிறகு தெரிந்தது. எங்கள் மண்டப முதலாளி, கல்யாணங்களுக்கு மந்திரிகள் வருவார்கள் என்று நம்பி, எங்கிருந்தோ ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் கதவை வாங்கி வாசலில் நிறுத்தினார். மந்திரி வரவில்லை. ஏர்போர்ட்டு வந்தார்.

அன்று பிடித்தது சனி. மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்தால் கதவு கத்தும்.

“இடுப்புல இன்னா சார்?”

“வெள்ளி அரைஞாண் கொடிப்பா.”

“கழட்டி ட்ரேல போடுங்க.”

“நட்டநடு வாசல்ல எப்புடிய்யா கழட்டறது? வேட்டியே அதுலதான்யா நிக்கிது!”

தவில்காரரையும் விடமாட்டார். தவிலைக் கீழே வைக்கச் சொல்லி, காதை வைத்துக் கேட்பார்.

“உள்ள இன்னா இருக்குது?”

“காத்துப்பா.”

“யாரு அடைச்ச காத்து?”

தவில்காரர் அன்றைக்குப் பாதிக் கச்சேரிவரை தவிலைச் சந்தேகத்தோடுதான் தட்டினார்.

சமையல் மாஸ்டர் மட்டும் அவரைச் சீண்டுவார். “பதினோரு வருஷத்துல ஒரு ப்ளேன் வெடிச்சுதா சொல்லு மாஸ்டர்,” என்று ஏர்போர்ட்டு கேட்டால், “பாகூர் ஏரியுந்தான் வெடிக்கல. அங்க எவன்யா மெஷின் வச்சான்?” என்பார்.

ஏர்போர்ட்டு அசரமாட்டார். “இன்னும் வெடிக்கல,” என்பார். அதைச் சொன்ன விதத்தில் மாஸ்டர் கரண்டியோடு ஏரி இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

இதுவரை சிரிப்பு. விசேஷம் இல்லாத நாட்களில் மண்டபத்தில் நானும் அவரும் மட்டும்தான். சிவப்பு நாற்காலிகளை அடுக்கிவிட்டால் கூடத்தில் நம் செருப்புச் சத்தம் நம் பின்னாலேயே வரும். சரியாக உச்சி வேளையில் அந்தக் கதவு ஒருமுறை கத்தும். வாசலில் ஒரு நாய்கூட இருக்காது.

ஏர்போர்ட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, கைமெஷினை எடுப்பார்.

“கையத் தூக்குங்க சார்.”

தூக்கும்வரை காத்திருப்பார். வெறும் காற்றில் தோளிலிருந்து பாதம்வரை மெஷினை இறக்குவார். “திரும்புங்க.” மறுபடி இறக்குவார். “சரி, போங்க.” பிறகு அவர் தலை மெல்லத் திரும்பும், யாரோ நடந்து உள்ளே போவதைப் பார்ப்பது போல. நான் பாத்திர அறையை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

தண்ணீர் மோட்டார் போடும்போது அப்படித்தான் கத்தும் என்றார் எலக்ட்ரீஷியன். மறுநாள் மோட்டார் போடவில்லை. கதவு கத்தியது. “அப்ப தெரியலக்கா,” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்கப்புறம் என் போனையே எடுப்பதில்லை.

ஒருநாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். “யாருண்ணே அது?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அங்க இருந்தப்ப ஒரு ஆளு வந்தாம்மா. பெல்ட்டு இல்ல, போன் இல்ல, ஒரு சில்லறை இல்ல. ட்ரேல போட ஒண்ணுமே இல்ல. வெறும் ட்ரேய என் கையில குடுத்துட்டு ஒரு மாதிரி பாத்தான். நான் ட்ரேய அடுக்காம அவனையே பாத்துக்கினு நின்னேன். மெஷினு கம்முனு இருந்துச்சு. போயிட்டான்.”

“அப்பறம்?”

“அப்பறம் ஒண்ணும் ஆவல. ப்ளேன் நல்லபடியா போய் எறங்கிச்சு. ஆனா மெஷினு சாமானத்தான பாக்குது? நெனப்பப் பாக்குதா? எத்தினி பேர நாம தடுத்தோம், எத்தினி பேரு அவனா மனசு மாறிப் போனான், யாருக்கும்மா தெரியும்? அங்க ஆளு இருந்தான், சத்தம் வரல. இங்க சத்தம் வருது, ஆளு இல்ல. எங்கியோ இடிக்குதும்மா.”

அன்றிலிருந்து தூக்கம் போய், வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டாராம்.

இந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு வளைகாப்பு வந்தது. செல்லிப்பட்டில் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. மூன்றாவது தங்கியதும் சம்பந்தியம்மா ஒரு முறிந்த அரிவாளின் நுனியைத் துணியில் சுற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டார். பிள்ளைத்தாச்சியிடம் இரும்பு இருந்தால் காற்று கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒன்பதாம் மாதம்வரை அது ஒரு நாள்கூட இறங்கவில்லை. விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்து முதலாளி மண்டபத்தைக் கொடுத்தார்.

மகள் கதவுக்குள் வந்தாள். கதவு கத்தியது.

“இடுப்புல இன்னாம்மா?”

“இரும்பு,” என்றார் சம்பந்தியம்மா. “அரிவா நுனி. நான்தான் கட்டுனேன்.”

“அரிவாளா? உள்ள வுட முடியாது. ட்ரேல போடுங்க.”

“யோவ், அது எதுக்குன்னு தெரியுமா? காத்து கருப்பு வரக் கூடாதுன்னு.”

“இது எதுக்குன்னு தெரியுமா? தீவிரவாதி வரக் கூடாதுன்னு.”

“எம் மருமவ தீவிரவாதியா?”

“வர்றது ரெண்டு பேரும்மா. ஒருத்தரு மொகத்த யாருமே இன்னும் பாக்கலியே.”

வரிசையில் நின்ற பெண்கள் வளையல் தட்டு குலுங்கச் சிரித்தார்கள். ஏர்போர்ட்டு சிரிக்கவில்லை. “அந்த இரும்பு தடுக்குதுன்னு இன்னா சாட்சி?” என்றார்.

“ரெண்டு தபா போச்சு. இது நிக்கிது. அதான் சாட்சி. உன் மெஷினு தடுக்குதுன்னு நீ சாட்சி காட்டு!”

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான பதினோரு வருஷம் வரவில்லை. “ரூல்ஸும்மா,” என்றார், ரொம்ப மெதுவாக.

நான் அங்கே பேசியிருக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. கால் வலி பொறுக்காமல் மகளே முடிச்சை அவிழ்த்து இரும்பை ட்ரேயில் போட்டாள். வெளியே போய்த் திரும்பி, மறுபடி கதவுக்குள் நடந்தாள்.

சத்தமே இல்லை.

அவள் கழுத்தில் தாலி, காலில் மெட்டி, தலை நிறையக் கொண்டை ஊசி. ஒரு சேஃப்டி பின்னுக்கே ஊரைக் கூட்டும் கதவு அது. பச்சை விளக்கு எரிந்துகொண்டு கம்மென்று நின்றது. கூடத்துக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

ஏர்போர்ட்டு ஓரடி பின்வாங்கினார். மகளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு முழம் பின்னால், ஆள் உயரத்தில், எதையோ பார்த்தார். “சத்தம் வரல,” என்றார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பிறகு அவர் ஓடினார். ட்ரேயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் அரிவாள் நுனி பிளாஸ்டிக்கில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

“கட்டிக்கம்மா. மொதல்ல அதக் கட்டிக்க. ரூல்ஸு கெடக்குது.”

கடைசி வளையல் போட்டு முடிக்கும்வரை அவர் மகளின் நாற்காலியை விட்டு நகரவில்லை. கூடத்தைப் பார்த்தபடி, கைமெஷினை நீட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வளைகாப்புப் படங்கள் எல்லாவற்றிலும் நடுவில் அவருடைய பின்கழுத்து இருக்கிறது.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இரும்புதான் காத்தது என்கிறார் சம்பந்தியம்மா. “நான் நின்னேன்ல?” என்கிறார் ஏர்போர்ட்டு. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் காரணம் என்று நான் எப்படிச் சொல்வது?

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் வீட்டுக்குக் குழந்தையைப் பார்க்க வந்தார். இரும்பு ஒரு துளியும் இல்லாத பிளாஸ்டிக் கிலுகிலுப்பை ஒன்று கையில். வாசலில் கால் கழுவிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

“உள்ள வரலம்மா. எம் பின்னாடி எதனா வந்துடும்.”

“அதெல்லாம் ஒண்ணும் வராது. வாங்கண்ணே,” என்றேன். நானா அவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

“அதான் கூப்புடறாங்கல்ல, வாய்யா,” என்றார் பேத்தியைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா. “தண்ணி புடிச்சிட்டு வர்றேன். புள்ளயப் பாத்துக்க.”

தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பார்ப்பதும், அதன் மூச்சைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்த மனிதரால் எதையும் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குத்தான், குழந்தை பிறந்த பிறகு முதல்முறையாக, தொட்டில் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் ஒரு சமையலை முழுசாக முடித்தேன்.

மறுநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டோம். லேசாகக் காய்ச்சல் அடித்தது. சாயங்காலம் இறங்கிவிட்டது.